‘கை போய்டும்’ என்று எழுதிய கோமதி அக்கா

கோமதி அக்கா இறந்த செய்தி எங்கள் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தது. ‘நம் கோமதி தவறிவிட்டார். மாரடைப்பு. இன்று நாலு மணிக்கு எடுக்கிறார்கள்.’ அவ்வளவுதான். எந்த இடம் என்று இல்லை. கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். அவசரத்தில் ஒருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார். நான்கு வருடம் தகவல்தொடர்பு படித்தவர்களின் குழு அது. ‘எங்கே?’ என்று நான் கேட்டதற்கு மத்தியானம் வரை பதில் வரவில்லை.

அக்காவின் வீடு பட்டாபிராமில். ரயிலைப் பிடித்து ஓடினேன். கதவில் பூட்டுத் தொங்கியது. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, “காலையிலயே அவங்கம்மா ஊட்டுக்கு எட்துகினு பூட்டாங்கபா, செம்பரம்பாக்கம்” என்றார். பூந்தமல்லி போய், அங்கிருந்து இன்னொரு பேருந்து மாறி நான் போய்ச் சேர்ந்தபோது தெருவில் பூ மட்டும் சிதறிக் கிடந்தது. முகம் பார்க்கவில்லை. அந்த ஆத்திரம் இன்னும் தணியவில்லை, அதனால் இந்தக் கட்டுரையில் நிதானம் குறைவாக இருந்தால் அவரை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கோமதி அக்காவுக்கு நாற்பத்து நான்கு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் தகட்டை அழுத்தி வெட்டும் ஒரு சிறிய தொழிற்சாலையில் இருபது வருடமாக வேலை. கடைசியில் மேற்பார்வையாளர். நான் அதே எஸ்டேட்டில் ஒரு சரக்கு அலுவலகத்தில் எழுத்தர். வேலை பார்ப்பவர்களுக்காக ஆவடிக்கு அருகே ஒரு கல்லூரி சனி, ஞாயிறுகளில் இரட்டைப் பட்டம் நடத்துகிறது என்று கேள்விப்பட்டு இருவரும் தனித்தனியாகப் போய்ச் சேர்ந்தோம். ஒன்று வணிக நிர்வாகம், மற்றொன்று தொழில்முறைத் தகவல்தொடர்பு. முதல் நாள் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்த அக்கா, “இன்னா தம்பி, ஒண்ணே தலைக்கு மேல கீது, எதுக்கு ரெண்டு?” என்று கேட்டார். நீங்கள் எதற்குச் சேர்ந்தீர்கள் என்றேன். “எங்க மேனேஜருக்கு பதினஞ்சு வருசமா நான்தான் லெட்டர் எழுதிக் குடுக்கிறேன். பேர் அவர்து. இனிமே என் பேர்ல எழுதணும்” என்றார்.

நிர்வாகத் துறை இரண்டாவது மாடியில். தகவல்தொடர்புத் துறை அதற்கு நேர் கீழே. நடுவில் பதினெட்டுப் படிகள்தான். ஆனால் எங்கள் மூன்றாவது பருவத்தில் இரண்டு துறைகளும் ஒரே ஞாயிறு, ஒரே பத்து மணிக்குத் தேர்வு வைத்தன. வகுப்பின் சார்பில் அக்கா கடிதம் எழுதினார். பாடத்தில் சொன்ன அத்தனை லட்சணமும் இருந்த கடிதம்: பொருள், காரணம், வேண்டுகோள், மாற்று யோசனை. ஒரு வாரம் பதில் இல்லை. கேட்கப் போனால் மேலே இருந்தவர், “அந்தத் துறையிலிருந்து முறையாக எழுத்தில் வரட்டும்” என்றார். கீழே இருந்தவரும் அதையே சொன்னார். எனக்குப் பழகிப்போன விஷயம்தான். “விடுங்கக்கா, ஒண்ணை அடுத்த தடவை எழுதிக்கலாம்” என்றேன். அவர் திரும்பி முறைத்தார். “நீ எல்லாத்தையும் விட்டுகினே இரு. அவங்க நல்லா ஒக்காந்துகினு இருப்பாங்க.” நேராகப் படியேறி, தன் போனில் கீழே இருந்தவரைக் கூப்பிட்டு, மேலே இருந்தவர் கையில் திணித்தார். “பேசுங்க சார். ரெண்டு பேரும் பேசி நான் பார்த்ததே இல்ல.” இரண்டு நிமிடத்தில் ஒரு தேர்வு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போனது.

கடைசி வருடத்தில் எல்லோரும் ஓர் ஆய்வறிக்கை எழுத வேண்டும். இரண்டு பட்டத்துக்கும் பொதுவான ஒரே அறிக்கை. அக்காவின் தொழிற்சாலையில் வசந்தா என்ற பெண்ணுக்கு இயந்திரத்தில் இரண்டு விரல் நுனி போயிருந்தது. அந்த இயந்திரத்தின் மேலேயே ஆங்கிலத்தில் எச்சரிக்கை ஒட்டியிருந்தது: கார்டு மூடியிருப்பதை உறுதிசெய்த பிறகே இயக்கவும். கார்டு என்றால் கைக்கும் தகட்டை வெட்டும் அச்சுக்கும் நடுவே இருக்கும் பாதுகாப்புக் கதவு. அக்கா ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டார். ஒருவர் சொன்ன பதிலை அவர் எங்களுக்குப் படித்துக் காட்டியபோது வகுப்பே சிரித்தது. “கேட்டாண்ட நிக்கிற செக்யூரிட்டி கார்டு வந்து நின்னாதான் மிஷினை ஓட்டணும்னு போட்டுகீதுக்கா.” அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “எட்டு வருசமா அந்த மிஷின்ல வேலை செய்றான்பா அவன்” என்றார்.

அந்தத் தாளைக் கிழித்துவிட்டு அவரே ஒன்று எழுதி ஒட்டினார். ‘கதவு மூடாம பெடலை மிதிக்காதே. கை போய்டும்.’ பார்வையாளர்கள் வந்தபோது மேலாளர் அதை எடுத்துவிட்டார். இவர் மறுபடி ஒட்டினார். இப்படி நாலைந்து தடவை நடந்தது. அந்தக் கதை முழுவதும்தான் அவருடைய அறிக்கை. நான் படித்த அறிக்கைகளில் உயிருள்ள ஒரே அறிக்கை.

அறிக்கைக்கான வாய்மொழித் தேர்வு அன்று கதவருகே என் முறைக்காகக் காத்திருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. நிர்வாகத் துறைக்காரர், “இதில் நிர்வாகம் எங்கே இருக்கிறது? இது மொழி சம்பந்தப்பட்டது” என்றார். ஆனாலும் தேர்ச்சி போட்டார். தகவல்தொடர்புத் துறைக்காரர்தான் பிடித்துக்கொண்டார். “‘கை போய்டும்’ என்பது தொழில்முறை மொழியா? ‘கைகளுக்குக் காயம் ஏற்படும் அபாயம் உள்ளது’ என்று மாற்றி மறுபடி சமர்ப்பியுங்கள்.”

“சார், நீங்க அதை முழுசா படிச்சி முடிக்கிறதுக்குள்ள கை போய்டும்” என்றார் அக்கா.

உள்ளே யாரும் சிரிக்கவில்லை.

என்னிடமும் சில பக்கங்களை மாற்றச் சொன்னார்கள். நான் மாற்றினேன். எனக்கு இரண்டு பட்டமும் வந்தது. அவருக்கு ஒன்று வந்தது, மற்றொன்று ‘மறுசமர்ப்பிப்பு’ என்று நின்றது. அண்ணனூர் ரயில் நிலைய மேடையில் ஒரு மாலை அவரிடம் கெஞ்சினேன். ஒரே ஒரு வரிதானே, காகிதத்தில் மாற்றுங்கள், சுவரில் உங்கள் இஷ்டப்படி ஒட்டுங்கள் என்றேன். “அப்போ நான் நாலு வருசம் படிச்சது பொய்யி எழுதவா?” என்றார். அவருடைய பிடிவாதத்தின் மேல் எனக்கு அப்படியொரு எரிச்சல் வந்தது. “உங்க வீம்புக்கு நாலு வருஷம் வீணாப் போச்சு” என்று சொல்லிவிட்டேன். “உனுக்கு ரெண்டு வந்துட்ச்சி இல்ல, பத்திரமா வச்சிக்கோ” என்று சொல்லி மகளிர் பெட்டியில் ஏறிப் போனார். அதற்குப் பிறகு மூன்று மாதம் நாங்கள் பேசவில்லை. யார் முதலில் கூப்பிடுவது என்பதுதான் பிரச்சினை. செவ்வாய்க்கிழமை காலையோடு அந்தப் பிரச்சினையும் முடிந்தது.

காரியத்துக்குப் போனபோது வசந்தா வந்திருந்தார். அக்காவின் வாசகத்தைத் தொழிற்சாலையில் இப்போது தகட்டிலேயே அச்சடித்து எல்லா இயந்திரத்திலும் மாட்டியிருக்கிறார்களாம். தமிழில் ஒரு வார்த்தைகூட மாறவில்லை, கீழே இந்தியிலும் உண்டு. “அடியில ‘நிர்வாகம்’னு போட்டுகீறாங்க சார். அக்கா பேரு இல்ல. அக்கா அதைப் பாத்துட்டு ஒண்ணுமே பேசல” என்றார். அவர் பேசாமல் இருந்தார் என்பதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அக்காவின் மகள் தேன்மொழி ஒரு கோப்பினை எடுத்து வந்து கொடுத்தாள். உள்ளே, கல்லூரிக்கு அக்கா எழுதிய மேல்முறையீட்டுக் கடிதத்தின் நகல். நாங்கள் சண்டை போட்ட மறுவாரம் தேதியிட்டது. இரண்டு துறைத் தலைவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து தன் அறிக்கையை முழுவதும் படிக்க வேண்டும், படித்துவிட்டு என்ன முடிவு சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். ஒன்றரைப் பக்கம். ஒரு சொல் அதிகம் இல்லை. “அம்மா மூணு தடவை போய் கேட்டாங்க மாமா. பாக்கறோம்னு சொன்னாங்களாம்” என்றாள்.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலேயே, “விண்ணப்பதாரர் நேர்ல வரணும் சார்” என்றார்.

“அவங்க இறந்துட்டாங்க.”

“அப்ப இறப்புச் சான்றிதழ் வச்சு வாரிசு புதுசா ஒரு விண்ணப்பம் குடுக்கணும். எந்த டிபார்ட்மென்ட்டுக்கு?”

இரண்டுக்கும் என்றேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம் வாங்க வழியில்லையாம். தேன்மொழி இரண்டாக எழுதிக் கொடுத்தாள். அது ஐந்து வாரத்துக்கு முன்பு. இதை எழுதும் இன்றுவரை பதில் இல்லை. பட்டம் வந்தால் அக்காவுக்கு என்ன ஆகப் போகிறது என்று குழுவில் ஒருவர் கேட்டார். ஒன்றும் ஆகாதுதான். ஆனால் அவர் எழுதியது சரியா தவறா என்று படித்துப் பார்த்து யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். அதைத்தான் அவர் கேட்டார்.

எனக்கு எதையும் விட்டுவிடுவது சுலபம். பிறவியிலேயே அப்படித்தான். பேருந்தில் இடித்தவனிடம் நான் மன்னிப்புக் கேட்பேன். கோமதி அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவருடைய எரிச்சல். சொத்து மாதிரி அதைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு சனிக்கிழமையும் கல்லூரிக்குப் போகிறேன். போன வாரமும் கவுன்டர்காரர், “அடுத்த வாரம் வாங்க சார், பாக்கலாம்” என்றார். பழைய நானாக இருந்தால் சரி என்று தலையாட்டியிருப்பேன். ஒரு நாற்காலியை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“இப்ப பாருங்க. நான் இருக்கேன்” என்றேன்.