நான் சத்தமாகச் சொன்ன ஸ்தோத்திரம்

கோலார் தங்கவயலுக்கு ரயில் வராத காலம். வட ஆர்க்காட்டிலிருந்து பிழைக்க வந்து, மூங்கில் தட்டி அடைத்த லைன் வீடு ஒன்றில் குடியிருந்தோம். எனக்கு ஏழு வயது. அப்பா சுரங்கத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பாறை துளைக்கிறவர். பொழுது சாய்ந்ததும் எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் நடக்கும். அன்றைய நாளுக்காக ஆளுக்கு ஒரு ஸ்தோத்திரம், அதாவது ஆண்டவருக்கு ஒரு நன்றி, சொல்ல வேண்டும். அதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். நான் பெரும்பாலும் குழம்புக்குத்தான் ஸ்தோத்திரம் சொல்வேன். கருவாட்டு வாசனை மூக்கில் ஏறும்போது வேறு என்ன தோன்றும்?

தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். அந்த வீட்டுக்காரரும் அப்பாவும் ஒரே ஷிப்ட். கேஜ் என்கிற ஒரே இரும்புக் கூண்டில் கீழே இறங்குவார்கள். அவருடைய மனைவியை நான் அத்தை என்பேன். ஒருநாள் அத்தை தட்டி வழியாகவே கேட்டார்.

"அண்ணே, உங்க சாமிகிட்ட எங்க வூட்டுக்காரரையும் ஒரு வார்த்த சொல்லுங்க. எங்க ஆத்தா ஒண்ணும் கோச்சிக்க மாட்டா."

அன்று முதல் அப்பா, வேலைக்குக் கிளம்புமுன் செய்யும் காலை ஜெபத்தில் அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டார்.

ஒரு நாள் சுரங்கத்துக்குள் பாறை சரிந்துவிட்டது. செய்தி வந்ததும் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு என்னை இழுத்துக்கொண்டு ஓடினார். அத்தையும் இடுப்பில் குழந்தையோடு ஓடிவந்தார். கேஜ் இறங்கும் ஷாப்ட் குழியின் வாயருகே இருவரும் கைகோர்த்து நின்றார்கள். கேஜ் மேலே வரும்போதெல்லாம் அந்தப் பிடி இறுகியது. மூன்றாவது முறை அப்பா வந்தார். உடம்பெல்லாம் தூசி. அம்மாவிடம் வராமல் நேரே அத்தை முன்னால் போய் நின்றார்.

"தங்கச்சி..." என்றார். அத்தைக்கு அதுவே போதுமாயிருந்தது.

அன்று சாயங்காலமும் முழங்காலில் நின்றோம். அப்பா முகத்தைக் கைகளில் புதைத்திருந்தார். அம்மா முந்தானையால் முகத்தை மூடியிருந்தார். பக்கத்து வீட்டில் ஒப்பாரி ஓய்ந்து விசும்பல் மட்டும் கேட்டது. ஒருவரும் ஆரம்பிக்காததால் நானே ஆரம்பித்தேன். குழம்பை விடப் பெரிய விஷயம் அன்றுதான் எனக்கு முதன்முதலாகக் கிடைத்திருந்தது.

"எங்க அப்பாவுக்கு ஒண்ணும் ஆவாம கொண்ணாந்து வுட்டதுக்கு ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்று தொண்டை கிழியச் சொன்னேன்.

அம்மாவின் கை பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தியது. "இன்னாடி இது! மெதுவா..."

தட்டிக்கு அப்பால் விசும்பலும் நின்றுபோனது. அப்பா குலுங்கிக் குலுங்கி அழுதார். ஆமென் சொல்லும்முன் யாரும் எழுந்திருக்கக் கூடாத எங்கள் வீட்டில், அம்மா பாதியில் எழுந்து, கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார். எனக்குக் கோபமான கோபம். வாய்விட்டுச் சொல்லச் சொல்வதும் இவர்கள்தான், வாயைப் பொத்துவதும் இவர்கள்தான்.

காரியம் முடிந்து அத்தை பிள்ளைகளோடு ஊருக்குக் கிளம்பினார். மூட்டைகளை மாட்டுவண்டியில் ஏற்றிவிட்டு எங்கள் வாசலுக்கு வந்தார். அப்பா தலை நிமிரவில்லை. அத்தை என் கன்னத்தை வழித்தார்.

"நீ சொன்னதுல தப்பே இல்ல கண்ணு. அப்பா வூடு வந்து சேந்ததுக்கு சாமிகிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்லுவ? தெனமும் சொல்லு."

அம்மா அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்.

எனக்கோ பெருமை தாங்கவில்லை. என் ஜெபம் அவ்வளவு நன்றாக இருந்ததென்று அத்தை மெச்சுவதாகவே நினைத்துக்கொண்டேன். வண்டி நகர்ந்தபோது, அவருக்கு இன்னொரு தரம் கேட்கட்டும் என்று, அதே ஸ்தோத்திரத்தை முன்னிலும் சத்தமாகச் சொன்னேன்.