கோல் இல்லாத ஹைலைட்ஸ்

ஐந்து, நான்கு, மூன்று என்று விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருக்கிறாள். எதிரே கேமரா எதுவும் இல்லை. கேன்டீனின் தேநீர் இயந்திரம்தான் இருக்கிறது. கடைசி விரல் மடங்கும்போது சரியாகக் கோப்பை நிறைந்துவிட்டால் அன்று முழுவதும் முகத்தில் ஒரு தெளிச்சி. வீட்டில் அம்மா ஒரு கதையை நீட்டினால், "போதும்மா, அடுத்ததுக்குப் போ" என்பாள். "நான் என்ன உன் டிவியில வேலை பாக்குறேனா?" என்பது அம்மாவின் வழக்கமான பதில்.

கல்லூரி மாணவர்களே நடத்தும் தொலைக்காட்சியில், விளையாட்டு நிகழ்ச்சிக்கு அவள்தான் டைரக்டர். படிப்பது வேதியியல். விளையாட்டில் அரிச்சுவடிகூடத் தெரியாது. ஆஃப்சைடு அவளுக்கு இன்னமும் "அந்தக் கொடி தூக்குற விஷயம்"தான். ஏன் சேர்ந்தாய் என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்வாள்: "எடிட்டிங் ரூம்ல ஏசி இருந்துச்சு." ஆனால், எல்லாரும் பந்தின் பின்னால் ஓடும்போது, பெஞ்சில் ஒருத்தி ஷூ கயிற்றை இறுக்குவதை அவள் கண் பிடித்துவிடும். "கேமரா ரெண்டு, அங்க போ" என்பாள். அடுத்து ஏதாவது நடந்தால் அங்கேதான் நடக்கும்.

நிகழ்ச்சியின் பூர்வ கதையை அவள் சொல்லிக் கேட்க வேண்டும். முதல் கேமரா, ஒரு சீனியரின் மாமா இரவல் கொடுத்தது. கல்யாண வீடியோ எடுப்பவர். எடிட்டிங்கையும் அவரே செய்து கொடுத்தார். "கோல் விழுந்ததும் ஸ்கிரீன் முழுக்க ஹார்ட்டு பறந்துச்சுப்பா. உள்ள கோலடிச்சவனும் கோல்கீப்பரும் ஜோடியா!" அன்று ஜெயித்தவர்கள் கொண்டாடக் கிளம்பிவிட, பேட்டிக்குத் தோற்றவர்கள்தான் கிடைத்தார்கள். அவர்கள் மனம்விட்டுப் பேசியதில் அதுவே சட்டமாகிப்போனது. தோற்றவர் பேச்சோடுதான் நிகழ்ச்சி தொடங்கும். எத்தனையோ பேர் வந்து போனார்கள், அதில் யாரும் கைவைக்கவில்லை.

இந்த வாரம் அது அவள் தலையிலேயே விடிந்தது. பெண்கள் கால்பந்து இறுதிப் போட்டியில் கல்லூரி அணி ஒரே கோலில் தோற்றது. சோம்பலாக உருண்டு வந்த பந்து, குனிந்த கோல்கீப்பரின் கைகளுக்கு நடுவே நழுவி வலைக்குள் போனது. கோல்கீப்பர் அவளுடைய தங்கை. "இனிமே கிளவுஸைத் தொடமாட்டேன்" என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டவள், சாப்பிட மட்டும் எழுந்து வந்தாள். அடுத்த ஆண்டு அணிக்கான தேர்வோ வெள்ளிக்கிழமை.

டைரக்டர் தங்கையிடம் பேட்டி கேட்கவில்லை. கேப்டனைப் பேசவைத்துச் சமாளித்தாள். எடிட்டிங்கில் அந்தக் கோலையும் தூக்கிவிட்டாள்.

எடிட்டரான வகுப்புத் தோழனைக் 'கத்தரி' என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அவன் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"ஒண்ணுக்கு ஜீரோன்னு போட்டிருக்கோம். அந்த ஒண்ணு எங்கே டைரக்டரம்மா?"

"பார்த்தவங்களுக்குத் தெரியும். விடு."

"கல்யாண மாமாகூட ஹார்ட்டு விட்டாரே தவிர, கோலைத் தூக்கலை."

அவள் சிரிக்கவில்லை. எடிட்டிங் ரூம் வாசலில் தங்கை நின்றிருந்தாள். வீட்டுச் சாவியை அக்கா பையோடு கொண்டுவந்துவிட்டதால், வாங்கிவரச் சொல்லி அம்மா விரட்டியிருந்தாள்.

"மறுபடி ஓட்டுங்க" என்றாள் தங்கை. ஓடி முடிந்தது. "என் கோல் எங்கக்கா?"

"வேண்டாம்டி. காலேஜே பாக்கும்."

"காலேஜே கிரவுண்டுல உக்காந்து பார்த்துச்சு. நான் பந்து பிடிக்கிறேன், பிடிக்கிறேன், திடீர்னு எல்லாரும் அழறோம். பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க? கரண்டு போயிடுச்சுன்னா?"

கத்தரி சிரிப்பை இருமலாக்கினான்.

"நீ கஷ்டப்படுவேன்னுதான்..."

"நீ மறைச்சா, மறைக்கிற அளவுக்கு அசிங்கம்னு ஆயிடுதுல்ல?"

அக்கா கத்தரியிடமிருந்து மவுஸை வாங்கினாள். வெட்டி ஒதுக்கிய துண்டைத் தேடி எடுத்து ஓடவிட்டாள். தங்கை திரையில் மூக்கு இடிக்கும்படி குனிந்தாள்.

"நிறுத்து. முட்டி மடங்கவே இல்லை பாரு. கால் பின்னால இருந்திருந்தா அதுலயாவது பட்டிருக்கும்." நாற்காலிகளுக்கு நடுவே முட்டியை மடக்கி உட்கார்ந்து, வெறும் கைகளைத் தரையோடு சேர்த்துக் காட்டினாள். எழுந்தபோது மூச்சு வாங்கியது. "கேப்டன் பேச்சை எடுத்துடு. நானே பேசறேன். இந்தக் கோலை எங்க வைக்கணும்?"

அக்கா மவுஸிலிருந்து கையை எடுத்து, அதைத் தங்கை பக்கமாக நகர்த்தி வைத்தாள்.