நோட்டில் எழுதாமல் விட்ட எடை

மூன்று வருடங்களுக்கு முன் ஆடி மாத மழையில், வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் நடந்தது இது. எனக்கு இப்போது எழுபத்தொரு வயது. எஸ்டேட் ஆபீஸில் முப்பத்து நான்கு வருடம் கணக்கு எழுதியவன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. படியேறினால் படியை எண்ணுவேன், மழை பிடித்தால் நாட்களை எண்ணுவேன். எதையாவது எண்ணாமல் விட்டால் கெட்டது நடந்துவிடும் என்று உள்ளூர ஒரு பயம்.

அடுத்த வீட்டு நண்பர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "என்ன கணக்கு, காலையிலேர்ந்து எத்தனை தும்மல்?" என்றுதான் ஆரம்பிப்பார். அதே எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டியவர். பள்ளத்தில் அவருக்கு ஒன்றரை ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம். இரண்டு கிலோமீட்டர் தார் ரோடு, அப்புறம் ஒரு கிலோமீட்டர் கல்லும் சேறுமான இறக்கம், பதினோரு வளைவு. அந்தப் பாதையில் இருபத்திரண்டு வருடம் ஒரே டூ ஸ்ட்ரோக் பைக்கில் போய் வந்தார்.

அந்த வண்டி தளர்ந்துவிட்டது. புகை டெஸ்ட்டில் தேறவில்லை. பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்ற வேண்டும், சாமான் கிடைப்பதும் கஷ்டம் என்றார் மெக்கானிக். அதைச் சரிசெய்வதா, புதிதாக ஃபோர் ஸ்ட்ரோக் வாங்குவதா என்று நண்பர் என்னிடம் கேட்டார். கேட்டதும் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு நோட்டுப் போட்டு இரண்டு மாதம் எழுதினேன். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், ஸ்டார்ட் ஆக எத்தனை உதை, பெட்ரோலில் ஆயில் கலக்க மறந்தது எத்தனை தடவை, வழியில் நின்று பிளக்கைக் கழற்றித் துடைத்தது எத்தனை தடவை. ஃபோர் ஸ்ட்ரோக் வைத்திருந்தவர்களையும் விடாமல் கேட்டு எதிர்ப்பக்கத்தில் எழுதினேன்.

டீக்கடையில் நோட்டை விரித்தேன். "இது குடிக்கிற பெட்ரோலுக்கு அது ரெண்டு மடங்கு ஓடும். இறக்கத்துல ஆக்ஸிலேட்டரை விட்டா இஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். உன்னோடதுல பிரேக்கை விட்டா வேற கதியில்ல."

"ஏய்யா, சேத்துல விழுந்தா இதை நான் ஒத்த ஆளாத் தூக்கிருவேன். அது எருமையால்ல இருக்கு?"

"வண்டி வாங்குறது ஓட்டுறதுக்கா, தூக்குறதுக்கா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார். "சரிப்பா, உன் கணக்கு என்னைக்குத் தப்பியிருக்கு" என்று பழையதைக் கொடுத்துவிட்டு ஃபோர் ஸ்ட்ரோக் எடுத்தார்.

தார் ரோட்டில் என் நோட்டு சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது. பதினெட்டு நாள் நான் தலைநிமிர்ந்து நடந்தேன்.

பத்தொன்பதாம் நாள் நல்ல மழை. காய் எடுக்க ஆள் வரவில்லை. ஓடைத் தண்ணீர் தோட்டத்துக்குள் ஏறியிருக்கிறதா என்று பார்க்க, காலை ஏழு மணிக்குத் தனியாகப் போனார். பதினொரு மணிக்குத் திரும்பிவிடுவது வழக்கம். பழைய வண்டியாக இருந்தால் பதினொன்றே காலுக்கே எனக்குப் பதைப்பு வந்திருக்கும், யாரையாவது அனுப்பியிருப்பேன். அன்று பன்னிரண்டு ஆனது, ஒன்று ஆனது. புது வண்டி, வழியில் நிற்காது, அப்படியே கட்டப்பனைக்குப் போயிருப்பார் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அவர் மனைவி வந்தபோது மணி ஒன்று இருபது. "அண்ணே, அவுக இங்கிட்டு வந்தாகளா? போன் போக மாட்டேங்குது."

ஆட்டோவில் பாதை முனை வரை போய், இருவரும் இறங்கி நடந்தோம். ஏழாவது வளைவில் வண்டி பள்ளத்துப் பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அடியில் அவருடைய வலது கால். சூடான சைலன்ஸர் முழங்காலுக்குக் கீழே அழுத்தி, தோல் வெந்து, பிறகு மழையில் ஆறிப்போயிருந்தது. காலை உருவ, கையாலேயே சேற்றைத் தோண்டியிருக்கிறார். நகமெல்லாம் மண்ணும் ரத்தமும்.

"வந்துட்டியா கணக்கு. எத்தனை கிலோன்னு பாத்துச் சொல்லு" என்றார். அந்த நிலையிலும் சிரிக்கப் பார்த்தார்.

நானும் அவர் மனைவியும் பிடித்துத் தூக்கினோம். ஒரு சாண் எழும்பியது. சேற்றில் என் கால் வழுக்கியது. வண்டி அதே கால்மேல் மறுபடியும் விழுந்தது. அவர் அலறிய அலறலை நான் எழுதப் போவதில்லை. "விடுங்கண்ணே, நீங்க தூக்காதீங்க, ஆளைக் கூட்டியாங்க" என்று அந்த அம்மா என்னைத் தள்ளினார். மேலே ஏறிப் போய் எஸ்டேட் தொழிலாளர்கள் இருக்கும் லயத்திலிருந்து நான்கு பேரைக் கூட்டி வந்தேன். அவர்கள் வண்டியை எடுத்தபோது மணி இரண்டு பத்து.

ஜீப்பில் கம்பம்மெட்டு வழியாக இறங்கித் தேனிக்குப் போனோம். கால் எவ்வளவு நேரம் மாட்டியிருந்தது என்று டாக்டர் கேட்டார். ஏழரைக்கு விழுந்ததாக நண்பர் ஜீப்பில் சொல்லியிருந்தார். "ஆறு மணி நாற்பது நிமிஷம்" என்றேன். டாக்டர் எழுதிக்கொண்டார். ஒன்பதாம் நாள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பிறகு ஒருநாள் இரண்டு வண்டிகளின் எடையையும் விசாரித்தேன். புதியது நாற்பத்தாறு கிலோ அதிகம். யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். நோட்டில் அதற்கு ஒரு வரி நான் போடவில்லை. அவர் வாயைத் திறந்து சொன்னதைக்கூட, நாலு பேர் முன்னால் ஒரு கேலியாக்கிவிட்டேன்.

தோட்டத்தை வேறு ஆள் பார்க்கிறார். நண்பர் அதன் பிறகு ஒரு தடவைகூட அந்த இறக்கத்தில் இறங்கவில்லை. யார் விசாரித்தாலும், "நாந்தேன் ஆசைப்பட்டு எடுத்தேன்" என்கிறார். நான் பக்கத்தில் இருக்கும்போதும் அதைத்தான் சொல்கிறார். அவர் மனைவி டீ கொடுக்கிறார், என் முகத்தைப் பார்ப்பதில்லை. தினமும் சாயங்காலம் போய் உட்கார்கிறேன். மழையைப் பற்றியும் ஏலக்காய் விலையைப் பற்றியும் பேசுகிறோம். அவர் ஒரே ஒரு முறை என்னைத் திட்டித் தீர்த்திருந்தால் அந்தப் பகல் எனக்கு எங்காவது முடிந்திருக்கும். அவர் திட்டவே இல்லை, நானும் ஏழாவது வளைவைவிட்டு இன்னும் மேலே ஏறி வரவில்லை.