வாகைக்குளத்துக்கு ஒன்றரை மணி நேரம்

பேட்டையிலிருந்து காக்கா போன் செய்தபோது மணி ஒன்பதரை. காக்கா என்றால் எனக்கு நேர் மூத்த அண்ணன். வாப்பா மௌத்தாகிவிட்டார்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் குரல் உடைந்துவிட்டது. நண்பகல் தொழுகைக்கே அடக்கம் செய்துவிடலாம் என்று ஜமாத்தில் சொல்லியிருக்கிறார்கள். எங்களில் மய்யித்தை வைத்துக்கொண்டு காத்திருக்கும் வழக்கம் கிடையாது. காக்காதான் கெஞ்சி, மாலை அசர் தொழுகை வரை தள்ளி வைத்திருந்தார்.

"ஏலே, ஒன்றரை மணி நேரந்தானலே. நாலேகாலுக்குத் தொழுகை. வாப்பா முகத்தப் பாக்க வந்துருவேல்லா?"

"வந்துருதேன் காக்கா."

அந்த ஒன்றரை மணி நேரம் நான் விற்ற சரக்கு. சென்னையிலேயே வீடு வாங்கப் போகிறேன் என்றபோது வாப்பா எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. "அறுநூறு கிலோமீட்டர்லே" என்று மட்டும் சொன்னார்கள். நான் விடவில்லை. "பிளேன்ல ஏறுனா வாகைக்குளத்துக்கு ஒன்றரை மணி நேரந்தான் வாப்பா" என்று டிக்கெட்டையே போனில் திறந்து காட்டினேன். தன் லேத் பட்டறையில் இரும்பு ஒரு நூல் பிசகினாலும் தூக்கி வீசுகிற வாப்பா, மகன் சொன்ன அளவைச் சரிபார்க்கவே இல்லை. பிறகு பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குக் கிடைத்தது பன்னிரண்டு ஐம்பது விமானம். அதுவும் ஒரு மணி நேரம் தாமதம் என்று பலகையில் போட்டார்கள். கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் கத்தினேன். அவள் மேல் தப்பில்லை. அப்போது யார் எதிரில் வந்திருந்தாலும் கத்தியிருப்பேன். வானத்தில் மட்டும் அந்த ஒன்றரை மணி நேரம் நிமிஷம் பிசகாமல் ஓடியது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

வாகைக்குளம் விமான நிலையத்தில் இறங்கியபோது மூன்று இருபது. வெளியே வந்து வாடகைக் கார் பிடிப்பதற்குள் இன்னும் கால் மணி நேரம் போயிற்று.

"அண்ணாச்சி, நாலேகாலுக்குள்ள பேட்டைக்குப் போயிரலாமா?"

"விரட்டுதேன் தம்பி. ஆனா ஆத்துப் பாலத்துல ஒத்தப் பக்கந்தான் விடுதாவ."

பாலத்தில் நின்றுவிட்டோம். கீழே தாமிரபரணியில் ஆட்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேல்கூடக் கோபம் வந்தது. காக்கா நான்கு முறை கூப்பிட்டார். "எங்கனலே வார?" என்று கேட்டபோதெல்லாம் பக்கத்தில் வந்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். நான்காவது முறை எடுக்கவே இல்லை.

பள்ளிவாசல் காலியாக இருந்தது. கபுர்ஸ்தானுக்கு ஓடினேன். குழியின் மேல் பலகை அடுக்கி முடித்திருந்தார்கள். ஒவ்வொருவரும் போடும் மூன்று பிடி மண் மட்டும்தான் எனக்கு மிச்சம். இரண்டு பிடி போட்டேன். மூன்றாவதை அள்ளியபோது காக்கா பக்கத்தில் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தோளைப் பிடித்துக்கொண்டு பையச் சொன்னார்.

"விடியக்கூட இல்ல, அப்பவே நெஞ்சு வலிக்கின்னாங்க. ஒனக்குப் போன் போடுதேன்னு சொன்னேன். வாப்பாதான் வேண்டாம்னுட்டாங்க. 'அவன் தூங்கட்டும்லே. எப்பக் கூப்பிட்டாலும் ஒன்றரை மணி நேரத்துல வந்துருவான்'னாங்க."

அன்று காலை ஏழரைக்கு ஒரு விமானம் இருந்தது. கையிலிருந்த மண்ணை என்னால் போட முடியவில்லை.