சாந்தம்மா சொன்னதில் பாதி

கையுறை போட்ட கையால் ரோஜாக் காம்பின் முள்ளை ஒரே இழுப்பில் உருவுகிறாள் சாந்தம்மா. ரிமோட் மடியில் கிடக்கிறது. முழங்கையால் ஓர் இடி இடித்தால் டிவியில் தமிழ்ச் செய்தி கன்னடமாகும். இன்னொரு இடிக்குத் தெலுங்காகும். கொட்டகைக்குள் மூன்றையும் மீறிக் கேட்பது அவள் குரல்தான்.

“ஆத்துல பனைமர உயரத்துக்கு நுரையாம்! ஏப்பா, அந்தப் பாலத்துமேல நானே நின்னுட்டு வந்தேன். இடுப்பளவுதான். இடுப்பளவுன்னு சொன்னா பயம் வராதா?”

கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே அரை ஏக்கர் ரோஜா அவளுக்கு. பூ பெங்களூருச் சந்தைக்குப் போகிறது. பூக்கட்டில் ஒரு கோணக் காம்பு இருந்தாலும் வியாபாரி கண்டுபிடிக்குமுன் இவளே சொல்லிவிடுவாள். நல்ல பூ எத்தனை என்பதையும் சேர்த்தே சொல்வாள். யார் எந்த மொழியில் கேட்டாலும் அந்த மொழியிலேயே பதில். “கேட்டவங்க பாஷையில பேசறதுதான் மரியாத” என்பாள். படிப்பு எட்டாவது. பத்தாவதோடு நின்ற அண்ணன் பாஸ்கரன் ஓசூரில் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஷிப்ட் இல்லாத நாளில் பூக்கட்டு போட வருவார். தங்கை டிவியோடு போடும் சண்டையை மறுநாள் கேன்டீனில் ஒரு சொல் விடாமல் ஒப்பிப்பார்.

இந்த மழைக்கு, பெங்களூருக் கழிவு கலந்த ஆற்றின் நுரை ரோட்டுக்கே ஏறிவிட்டது. காலையில் ஒரு தமிழ்ச் சேனல் பேட்டி எடுக்க வந்தது. மதியம் ஒரு கன்னடச் சேனல். இருவருக்கும் சாந்தம்மா ஒன்றையேதான் சொன்னாள், அவரவர் மொழியில்: “ஆத்துத் தண்ணி பாய்ச்சுன பாத்தியில இலையெல்லாம் கருகுது. போர் தண்ணி பாய்ச்சுன பூவுக்கு ஒண்ணும் ஆகல.” பக்கத்தில் நின்ற பாஸ்கரனுக்கு மார்பு நிமிர்ந்தது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அதுதான் சாந்தம்மா.

அன்று மாலை தமிழ்ச் சேனலில் அவள் முகம் வந்தது. “இலையெல்லாம் கருகுது.” அவ்வளவுதான். கீழே சிவப்பு எழுத்தில் ‘விஷ ரோஜா’ என்று ஓடியது. முழங்கை தானாக இடித்தது. கன்னடச் சேனலிலும் அவளே நின்றாள். பூவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கன்னடத்தில் சொன்னாள். அங்கேயும் அவ்வளவுதான். நுரையால் பாதிப்பே இல்லையென்று ஓசூர் விவசாயியே சொல்லிவிட்டதாக அறிவிப்பாளர் முடித்துக்கொண்டார்.

சாந்தம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. மடியிலிருந்த பூக்கள் சரிந்து தரையில் விழுந்தன. அவள் குனியவில்லை.

“பொய்ய போட்டுட்டானுங்க. விடும்மா” என்றார் பாஸ்கரன்.

“எங்கண்ணா பொய்யி?” குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. “ஒரு வார்த்த பொய்யில்ல. என் வாயி, என் கொரலு. ரெண்டும் நான் சொன்னதுதாண்ணா!”

இத்தனை வருடம் அவள் பிடித்ததெல்லாம் பொய்யை. உயரத்தைக் கூட்டினார்கள், கூட்டத்தைப் பெருக்கினார்கள் என்று அதட்டுவாள். உண்மையை நறுக்கியே பொய்யாக்க முடியும் என்பது அவளுக்குத் தோன்றியதே இல்லை.

முதலில் சந்தை வியாபாரி போனில் வந்தார். “ஏனம்மா, விஷானா?” என்று கன்னடத்தில் கேட்டார், பூவில் விஷமா என்று. அவருக்குப் பதில் சொல்லி வைப்பதற்குள் பக்கத்து வயல் பூங்கொடி வாசலில் நின்றாள். அவள் தோட்டம் முழுக்க ஆற்றுத் தண்ணீர்தான், முழுக்கக் கருகிப்போயிருந்தது.

“திங்கக்கெழம கலெக்டர்கிட்ட மனு குடுக்க ஊரே கெளம்புது. நீ ஒண்ணும் ஆகலன்ற. நாளைக்கி இந்த வீடியோவ காட்டியே நம்மள தொரத்துவாங்க. எவ்ளோக்கா குடுத்தாங்க?”

“முழுசா கேட்டியாடி நீ?”

“டிவியில முழுசா எங்க வருது? நீதானக்கா தெனம் சொல்லுவ!”

சாந்தம்மா ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள்.

கேன்டீனில் பாஸ்கரன் மேசையைத் தட்டிச் சொன்னார், தங்கை இரண்டையும் சேர்த்துச் சொன்னதைத் தாம் பக்கத்திலேயே நின்று கேட்டதாக. “தங்கச்சிக்கு அண்ணன் சாட்சியா?” என்று சிரித்தார்கள். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். நேரில் கேட்ட தம்மையே ஒருபக்கம் பேசுகிறவர் ஆக்கிவிட்டார்களே!

கொட்டகையில் டிவி ஓடவில்லை. முள் உருவும் சத்தம் மட்டும் கேட்டது.

திங்கட்கிழமை கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசுக்கு அவளும் போனாள். பூங்கொடி தள்ளியே நின்றாள். வாசலில் அதே தமிழ்ச் சேனல் நிருபர் மைக்கை நீட்டினார். “அக்கா, ரெண்டே வரியில சொல்லுங்க.”

சாந்தம்மா மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள்.

“ஆத்துத்தண்ணி பாய்ச்சுன இலை கருகுது போர்தண்ணி பாய்ச்சுன பூவு நல்லாருக்குது போர் இல்லாத பூங்கொடிக்கு எல்லாமே கருகுது எனக்கு ஒண்ணும் ஆகலன்னா ஊருக்கு ஆகலன்னு அர்த்தமில்ல ஆத்த சுத்தம் பண்ணுங்கன்னுதான் வந்திருக்கோம்...”

“அக்கா, அக்கா! எங்கயும் வெட்ட முடியாது. கொஞ்சம் நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்களேன்.”

தள்ளி நின்ற பூங்கொடி இரண்டடி கிட்டே வந்தாள். சாந்தம்மா மைக்கை நிருபரின் கையோடு சேர்த்து இரண்டு கையாலும் இறுகப் பிடித்து வாயருகே இழுத்துக்கொண்டாள். முதலிலிருந்து, மூச்சு விடாமல், மறுபடி ஆரம்பித்தாள்.