அனிபால் மாமாவுக்கு வந்த வெள்ளம்

எங்கள் ஊரில் அனிபால் மாமாவை யாரும் அனிபால் என்று கூப்பிடுவதில்லை. அவர் பெயர் "வருவாங்க". அவருடைய பஞ்சர் கடைக்கு வரும் வெளியூர் லாரிக்காரர்கள்கூட, "வருவாங்க இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். கடை வாசலுக்கு மேலே ஒரு தகரப் பலகை உண்டு. அதில் தன் குடும்பப் பெயரைப் போட்டு "தொசெல்லி டயர் கடை" என்று எழுதிப் பார்த்தார். யாரோ அதை அழித்து "வருவாங்க" என்று எழுதிவிட்டுப் போனார்கள். மறுபடி எழுதினார், மறுபடி அழித்தார்கள். பிறகு அவர் வெள்ளையடித்து அப்படியே விட்டுவிட்டார்.

காரணம் நான் பிறப்பதற்கு முந்தியது. லாஸ் பொலிஷாஸ், அதாவது அந்துப்பூச்சிகள் என்ற ராக் குழு மீது நாடே பைத்தியமாக இருந்த காலம். மாமா அப்போது ஊர் கிளப்பில் சுறுசுறுப்பான இளைஞர். அந்தக் குழுவை எங்கள் பாசோ மோரோவுக்கு வரவழைப்பதாக ஏற்பாடு செய்தார். கால்பந்து மைதானத்தில் இரண்டு லாரிகளை முதுகோடு முதுகாக நிறுத்தி மேடை. பண்ணைகளிலிருந்து டிராக்டரில்கூட ஆட்கள் வந்தார்கள். வெயில் இறங்கியது, இருட்டியது. மாமா மைக்கைப் பிடித்துக்கொண்டு, "வருவாங்க, வந்துக்கிட்டே இருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் வரவில்லை. கூட்டம் மைதானத்து பெஞ்சுகளை உடைத்துத் தீ மூட்டி, கொண்டுவந்த இறைச்சியைச் சுட்டுத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனது.

நான் பல வருடம் வெளிநாடுகளில் சுற்றிவிட்டு ஊர் திரும்பிய வாரம், இத்தாலியர் சங்க அரங்கின் சுவரெல்லாம் சுவரொட்டிகள். அந்துப்பூச்சிகளின் கதையை அவர்களுடைய பாட்டுகளாலேயே சொல்லும் நாடகம் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் ஊருக்கும் வருகிறதாம். சுவரொட்டியின் அடியில் பெரிய எழுத்தில், "பாசோ மோரோ, கடைசியில் வந்துவிட்டோம்!"

மறுநாள் காலை கடையில் மாமாவுக்கு மாத்தே என்ற இலைத் தேநீர் கலந்து கொடுத்தேன். உறிஞ்சாமல் குடுவையைக் கையிலேயே வைத்திருந்தார்.

"அந்தக் கண்ணாடிக்காரன் போன வருஷமே வந்து பாருல உட்கார்ந்து எல்லாரையும் கேட்டுட்டுப் போனான்டி. நாடகத்துக்குக் கதை எழுதறவனாம். ரோலந்தோ ஒரு சாயங்காலம் பூரா என்னைப் பத்திப் பேசியிருக்கான்."

ரோலந்தோ கறிக்கடைக்காரர். மாமாவுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவரே அவர்தான்.

"பேசட்டுமே. தெரியாத கதையா?"

"தெரியாததும் இருக்கு." டயர் அடுக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னிக்கு மத்தியானமே போன் வந்துச்சு. கடற்கரையில பெரிய இடம் கிடைச்சிருக்கு, உங்க ஊருக்கு வரலைன்னு அவங்க மேனேஜர் சொல்லிட்டான். நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல."

"ஐயோ, ஏன் மாமா?"

"மனசு மாறி வந்துருவாங்கன்னு நெனச்சேன். அப்புறம் கூட்டம் சேர்ந்துருச்சு. வாய் வரல."

"அத்தைக்குத் தெரியுமா?"

"அவதானே டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல லைன் குடுத்தா. எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் என்னைக் கட்டிக்கிட்டா." குடுவையை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "அந்த மேனேஜர் நாடகக்காரங்ககிட்ட வாயைத் திறந்திருந்தா தீர்ந்துது. இத்தனை நாள் ஊருக்கு நான் ஏமாந்த முட்டாள். நாளையிலேர்ந்து ஏமாத்தினவன்."

அன்று மாலை நாடகத்துக்கு வரமாட்டேன் என்றுதான் அடம்பிடித்தார். நில்தா அத்தை இஸ்திரி போட்ட சட்டையை அவர் மடியில் எறிந்தாள்.

"நீ வீட்ல ஒளிஞ்சா உன்னைப் பத்திப் பேசாம இருப்பாங்களா? போடு சட்டையை."

அரங்கு நிரம்பி வழிந்தது. மாமா ஓரத்து இருக்கையாகக் கேட்டு வாங்கி, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தார். இந்த மாதிரி நாடகத்தில் பாட்டுதான் முதலில், கதை அதற்குப் பிறகுதான். ஊருக்கே மனப்பாடமான பாட்டுகளை வரிசையாக வைத்துக்கொண்டு நடுவில் கதையைத் தைக்கிறார்கள். சோகப் பாட்டு வந்தால் யாராவது செத்தாக வேண்டும். டிரம் வாசிப்பவனின் அப்பா இடைவேளைக்குள் இரண்டு முறை செத்துப்போனார். யாரும் கவலைப்படவில்லை. எல்லாரும் எழுந்து நின்று பாடினார்கள், குதித்தார்கள். மாமா மட்டும் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தார்.

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் மேடை இருண்டது. ஒரு நடிகர், "பாசோ மோரோ போற வழி!" என்றார். அரங்கு முழுக்கக் கைதட்டல். மாமா எழுந்துவிட்டார். அத்தை அவர் பெல்ட்டைப் பிடித்து உட்கார வைத்தாள்.

இடி முழங்கியது. இரண்டு பெண்கள் மேடையின் இரு பக்கமிருந்தும் நீண்ட நீலத் துணியை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். துணி அலையடித்தது. அந்துப்பூச்சிகளின் பாட்டுகளிலேயே பெரிய பாட்டு தண்ணீர் ஏறுவதைப் பற்றியது. அதை எங்கேயாவது செருகியாக வேண்டுமே! எங்கள் ஊரில் செருகிவிட்டார்கள். வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போக, குழு இந்தக் கரையில் நின்று அழுதது. அந்தக் கரையில், கையில் லாந்தரோடு, நனைந்த சட்டையோடு ஒரு அழகான பையன். அவன் பின்னால் திரும்பி ஊரைப் பார்த்துக் கத்தினான்: "வருவாங்க! வருவாங்க!"

பாட்டு தொடங்கியது.

எங்கள் ஆற்றில் தண்ணீர் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. மேலே அணை கட்டிய பிறகு அது வெறும் மணல். பையன்கள் அதில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகுகிறார்கள். அதிலும் குழு வராமல் போன அந்த வருடம், ரோலந்தோவின் அப்பா புல் இல்லாமல் மாடுகளை வேறு மாகாணத்துக்கு ஓட்டிக்கொண்டு போன வருடம். இதெல்லாம் அந்த அரங்கில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் முன்வரிசையில் மருந்துக்கடைக்கார அம்மாள் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள்.

"என்னடி இது?" என்று மாமா என் காதில் கேட்டார்.

"வெள்ளம், மாமா."

"சும்மா பாருங்க ரெண்டு பேரும்" என்றாள் அத்தை.

நாடகம் முடிந்து முன்கூடத்துக்கு வந்தபோது ஊரே அங்கே நின்றது. மருந்துக்கடைக்கார அம்மாள் மாமாவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து, "எங்க வீட்டுக் கோழியெல்லாம் அந்த வெள்ளத்துலதானே போச்சு!" என்றாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரோலந்தோ வந்தார். கண் சிவந்திருந்தது.

"டேய் வருவாங்க, பாலம் போன விஷயத்தை ஏன்டா ஒரு வார்த்தை சொல்லல? இத்தனை வருஷம் உன்னைக் கிண்டல் பண்ணிட்டேனேடா."

மாமா தலையசைத்துவிட்டுப் போயிருக்கலாம். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. அவர் போகவில்லை.

"ரோலந்தோ, அந்த வருஷம் ஒரு சொட்டு மழை இல்ல. உங்கப்பா மாட்டை ஓட்டிட்டுப் போனது மறந்துபோச்சா?"

"இங்க இல்ல. மேல மலையில பெஞ்சிருக்கும்."

"பாலம் இப்பவும் அங்கேயே நிக்குதுடா!"

"திரும்பக் கட்டியிருப்பாங்க."

"கேளு. அவங்க வரலைன்னு மத்தியானமே எனக்குப் போன் வந்துச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் மைக்ல அப்படிச் சொல்லிட்டு நின்னேன். உங்க எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன்."

ரோலந்தோ மாமாவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"போனா? அந்த வெள்ளத்துல எப்படிடா போன் வேலை செய்யும்? நில்தா, நீதானே அன்னிக்கு எக்ஸ்சேஞ்சுல இருந்தே. சொல்லு. லைன் இருந்துச்சா?"

எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை மாமாவைப் பார்த்தாள். பிறகு கைப்பையை நிதானமாக மூடினாள்.

"எங்க இருந்துச்சு? மத்தியானத்துலேர்ந்தே லைன் செத்துக் கிடந்துது."

"பார்த்தியா!" என்றார் ரோலந்தோ. "பாவம், அதிர்ச்சியில இவனுக்கு எல்லாம் குழம்பிப்போச்சு." மாமாவின் தோளில் கை போட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு நடந்தோம். மாமா பாலத்தின் மேல் நின்று கீழே மணலைப் பார்த்தார்.

"நான் சொல்லிட்டேன், இல்ல?"

"ஊர் பூரா கேக்கச் சொன்னே" என்றாள் அத்தை.

"அவங்க நம்பலைன்னா அது என் தப்பில்லையே?"

"இல்ல. என் தப்பு. நட."

மாமா அவ்வளவு பெரிய மூச்சு விட்டு நான் கேட்டதில்லை. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வீடு வரை நிறுத்தவில்லை. "கோழியெல்லாம் போச்சாம்டி!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மறுநாள் நான் எழுந்து போனபோது கடை வாசலில் ஏணி சாத்தியிருந்தது. கீழே ஒரு டப்பா சிவப்புப் பெயின்ட்.

"உன் கையெழுத்துதான் நல்லா இருக்கும், ஏறு" என்றார் மாமா.

"என்ன எழுதணும்?"

"என் பேருதான்."

"தொசெல்லியா?"

ரோலந்தோவின் வண்டிச் சக்கரம் ஒன்று பஞ்சராகி அவர் காலடியில் கிடந்தது. அதை உருட்டிக்கொண்டே உள்ளே போனவர், திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"தொசெல்லின்னா இங்க யாருக்குடி தெரியும்? 'வருவாங்க'ன்னு எழுது. பெருசா எழுது."