கதவு வந்து நிற்கும் இடம்

செங்கல் துண்டால் நடைமேடையில் ஒரு கோடு இழுத்து, அதன்மேல் காலை அகட்டி வைத்து நிற்கிறாள் காந்திமதி. மழையில் கோடு அழிந்தால் அடுத்த முறை மறுபடி இழுப்பாள். ஏழு ஐம்பது வண்டிக்கு ஏழேகாலுக்கே வந்துவிடுவது வழக்கம். செங்கல்பட்டு போகும் வண்டி நிற்கும்போது மாற்றுத்திறனாளிகள் பெட்டியின் கதவு அந்தக் கோட்டுக்கு நேரே வரும். ஒரு சாண் முன்னே பின்னே இருக்கலாம், அவ்வளவுதான். புதிதாக யாராவது வந்து அங்கே நின்றால், "கோட்டுக்கு அந்தாண்ட நில்லுப்பா. உனுக்கு பதினோரு பொட்டி கீது, எனுக்கு ஒண்ணுதான்" என்று விரட்டுவாள்.

ஒலிபெருக்கியோடு பேசுவது அவளுக்கு இன்னொரு பழக்கம். "பயணிகளின் கவனத்திற்கு" என்று அந்தக் குரல் தொடங்கினால், "கவனமாத்தான் கீறோம், நீ சேதிய சொல்லு" என்பாள். சொல்லி முடித்ததும் "சரி" என்று தலையாட்டுவாள். பக்கத்தில் நிற்கும் கல்லூரிப் பெண்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள், ஆனால் கோட்டை விட்டு நகரமாட்டாள்.

வயது நாற்பத்தாறு. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் கேன்டீனில் காய் நறுக்குகிறாள். வாழைப்பூவின் கறை வலது கட்டைவிரல் நகத்தை விட்டுப் போவதே இல்லை. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் இரண்டாம் ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறாள். அந்த மூன்று நாளும் கணவர் யாக்கோபுக்குச் செங்கல்பட்டில் கை, கால் பயிற்சி.

யாக்கோபு அதே கம்பெனியின் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். பத்து மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. ஆள் கனம். காந்திமதி அவர் தோள் உயரம்கூட இல்லை. ஆனாலும் அவரைக் கையைப் பிடித்து இழுக்கமாட்டாள்; விழுந்த கையை இழுத்தால் தோள்மூட்டு நழுவும் என்பது அவளுக்குத் தெரியும். இடுப்பில் அகலமான பெல்ட் ஒன்றைக் கட்டி, பின்னால் நின்று அதைப் பிடித்துக்கொள்வாள். "நல்ல கால் முன்னாடி" என்பாள். ஏறும்போது அது. இறங்கும்போது கெட்ட கால் முன்னாடி. பயிற்சி தரும் பெண் ஷாரோன் சொல்லிக் கொடுத்ததை ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை.

பஸ்ஸில் போகலாமே என்று கேட்டவர்களுக்கும் பதில் வைத்திருக்கிறாள். "பஸ்ஸுக்குப் படி மூணு, அந்தாளுக்கு கால் ஒண்ணு." ஆட்டோவில் உட்கார்ந்தால் மடங்கிய முழங்காலை நிமிர்த்த இரண்டு ஆள் வேண்டும். மேலும், "காலைல ஜி.எஸ்.டி ரோட்ட நம்பினா பத்துக்கும் போவலாம், பன்னெண்டுக்கும் போவலாம்." மின்சார ரயிலின் தளம் கிட்டத்தட்ட நடைமேடை உயரம். ஒரு எட்டுதான். இந்த ஒரு எட்டுக்காகவே வல்லக்கோட்டை வீட்டைப் பூட்டிவிட்டு, ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் ஒற்றை அறையில் குடியேறினாள்.

குடியேறிய புதிதில் அந்த ஒரு எட்டும் சுலபமாக இல்லை. வண்டி நேரத்துக்கு வராது. வந்தாலும் ஒரு நாள் ஒன்பது பெட்டி, ஒரு நாள் பன்னிரண்டு. ஒன்பது பெட்டி வந்தால் அவளுக்கு வேண்டிய கதவு எங்கோ தள்ளி நிற்கும். கை கால் நன்றாக உள்ளவர்களுக்கு அது சின்ன ஓட்டம். யாக்கோபுக்கு நாலு நிமிட நடை. வண்டி நிற்பதோ அரை நிமிடம். இரண்டு முறை கண்ணெதிரே வண்டி போயிற்று. மூன்றாம் முறை எதிரே வந்த பெட்டியில் ஏற்றப் பார்த்தாள். கூட்டம் நெருக்க, அவர் முழங்கால் அடிபட விழுந்தார். அதன்பின் மூன்று வாரம் கட்டிலை விட்டு அசையவில்லை.

"அரிசி மூட்டை கூட மரியாதையா ஏறும். நான் வரலம்மே."

"அரிசி மூட்ட வாய் பேசாது. நீ பேசுற. கெளம்புய்யா."

பக்கவாதத்தில் முதல் சில மாதங்களில் விட்டதைப் பிறகு பிடிப்பது கடினம். அந்த மூன்று வாரத்தில் அவர் விரல்கள் உள்பக்கமாக மடங்கத் தொடங்கின. அவற்றை ஒவ்வொன்றாக நீவி விரித்தபடி, வேறு வேலை தேடலாமா, வேறு ஊர் போகலாமா என்றெல்லாம் யோசித்திருக்கிறாள்.

பிறகு இந்தப் பாதையில் எல்லா வண்டியும் பன்னிரண்டு பெட்டி ஆயிற்று. காலையில் கூடுதலாக ஒரு வண்டி விட்டார்கள். நேரமும் ஒழுங்குக்கு வந்தது. அவள் முதல் கோட்டை இழுத்தது அந்த வாரத்தில்தான். ஆறு மாதமாக ஒரு பயிற்சியும் தவறவில்லை. யாக்கோபு கரண்டி பிடிக்கிறார், சட்டைப் பொத்தானில் மூன்றைப் போடுகிறார். இதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று காந்திமதிக்குத் தெரியாது. "எந்த ஆபீசர் பேனாவ எடுத்தாரோ, அவரு வூட்ல எல்லாரும் நல்லா நடந்துகினு இருக்கட்டும்" என்பாள். அவளுக்குத் தெரிந்த பெரிய வாழ்த்து அதுதான்.

போன மாதக் கடைசி வியாழக்கிழமை அந்த ஒழுங்கு ஒரு தரம் ஆட்டம் கண்டது. அன்றைக்கு என்று பார்த்தா அப்படி நடக்க வேண்டும்! கம்பெனி யாக்கோபின் வேலையை அந்த மாதம் முப்பதாம் தேதி வரைதான் பிடித்து வைத்திருந்தது. ஃபோர்க்லிஃப்ட் இனி ஓட்ட முடியாது. ஸ்டோரில் உட்கார்ந்து சீட்டு சரிபார்க்கும் வேலை தருவார்கள். அதற்கு டாக்டரின் கடிதம் வேண்டும். பயிற்சி நடக்கும் இடத்துக்கு மாதத்தில் ஒரே ஒரு வியாழன், அதுவும் பத்து மணி வரை மட்டும் வரும் டாக்டர் முன்னால் நடந்து காட்ட வேண்டும். தவறினால் அடுத்த மாதம். அடுத்த மாதம் வேலை இருக்காது.

ஒலிபெருக்கி சொன்னது: ஏழு ஐம்பது வண்டி இன்று மூன்றாவது நடைமேடைக்கு வரும்.

"மூணாவதா? இன்னாத்துக்கு?" என்று காந்திமதி அதைப் பார்த்தே கேட்டாள்.

பதில் சொன்னது நடைமேடை பெருக்கும் கோபால். அவள் கோட்டை மட்டும் விட்டுவிட்டுப் பெருக்குகிறவன். "இந்த லைன்ல வேல நடக்குதுக்கா. இன்னிக்கு ஒரு நாளுதான். லிஃப்ட் வேற இன்னும் ரெடியாவல. நாற்காலி எடுத்தாறேன், நாலு பேரு சேந்து அண்ணன தூக்கிடலாம்."

"தூக்கிகினு போறதுக்கு நான் இன்னா உற்சவமூர்த்தியா?" என்றார் யாக்கோபு. "எத்தினி படி கோபாலு?"

"ஏற முப்பத்தெட்டு, எறங்க முப்பத்தெட்டு."

"நேரம்?"

"பதினாலு நிமிஷம் கீது."

முன்பெல்லாம் வண்டியின் முகம் தெரிந்த பிறகுதான் நடைமேடை மாறியதைச் சொல்வார்கள். பதினாலு நிமிடம் என்பது பெரிய தயவு. யாக்கோபு கைப்பிடியை இடக்கையால் பற்றிக்கொண்டார். காந்திமதி பெல்ட்டைப் பிடித்தாள். பயிற்சியில் அவர் ஏறியது ஆறு படி மரப்பலகை. இது இரும்புப் பாலம்.

"நல்ல கால் முன்னாடி."

"தெரியும்மே."

"தெரிஞ்சா சரி. நல்ல கால் முன்னாடி."

இருபதாவது படியில் நின்று மூச்சு வாங்கினார். கீழே இறங்கி வந்த ஒரு கூட்டம் தானாகவே மறுபக்கக் கம்பியோரம் ஒதுங்கியது. மேலே போனதும் காந்திமதி மணி பார்க்கவில்லை. இறங்கும்போது அவள் முன்னால் போய் முகத்தைப் பார்த்தபடி பின்னோக்கி இறங்கினாள். விழுந்தால் அவர் அவள்மேல்தான் விழ வேண்டும்.

மூன்றாவது நடைமேடையில் கால் வைத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. இங்கே கோடு இல்லை. கதவு எங்கே வரும்?

"ஐயோ, தெரியலையேய்யா."

"கத்தாத" என்றார் யாக்கோபு. இருபது வருடம் கிடங்கில் ஒரு விரற்கடை பிசகாமல் பெட்டிகளை அடுக்கிய கண்கள் தண்டவாளத்தின் இரு பக்கமும் ஓடின. "பன்னெண்டுன்னு எழுதின போர்டு பாரு, பன்னெண்டு பொட்டி வண்டியோட மூஞ்சி நிக்கிற எடம். அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, நேருக்கு நேரா கீது. அதே வண்டி, அதே நீளம். உன் கோட்டுக்கு எதுர்ல போயி நிப்போம்."

எதிர்ப்பக்கத்தில் கோடு இங்கிருந்து தெரியவில்லை. ஆனால் அங்கே கோபால் ஓடிப்போய் அதன்மேல் நின்று, துடைப்பத்தைக் கொடி மாதிரி தலைக்குமேல் பிடித்துக்கொண்டிருந்தான். இருவரும் அவனுக்கு நேரே நடந்தார்கள். வண்டி உள்ளே வந்து அவனை மறைத்தது. நின்றது. கதவு ஒரு சாண் தள்ளி இருந்தது.

ஒரு எட்டு. ஏறிவிட்டார்.

டாக்டர் பத்து மீட்டர் நடக்கச் சொன்னார், கையை உயர்த்தச் சொன்னார். ஷாரோன், "படி ஏறுவீங்களா அங்கிள்?" என்று கேட்டாள். "இப்பதான் முப்பத்தெட்டு ஏறிட்டு வரேன் பாப்பா. இன்னும் வேணுமா?" என்றார் யாக்கோபு. கடிதம் கையெழுத்தானது.

திரும்பும் வண்டியில் இடம் கிடைத்தது. காந்திமதி ரயிலில் உட்கார்ந்து வருவதே அபூர்வம். கணவரின் கால், கதவு, அடுத்த ஸ்டேஷன் என்று கண் மூன்று இடத்தில் இருக்கும். அன்றைக்கு வண்டி செங்கல்பட்டை விட்டுக் கிளம்பியதும் செருப்பைக் கழற்றிக் காலை இருக்கைமேல் மடக்கிக்கொண்டு, ஜன்னலில் தலை சாய்த்து, வாய் திறந்து தூங்கிப்போனாள்.

ஸ்டேஷன் நெருங்கியது. யாக்கோபு அவள் மடியிலிருந்த பையை ஓசைப்படாமல் எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். கம்பியைப் பிடித்து எழுந்து நின்றார். பிறகு குனிந்து பார்த்து, அவள் செருப்பு இரண்டையும் கால் நுனியால் ஒன்றாகச் சேர்த்து, அவள் இறங்க வாகாகத் திருப்பி வைத்தார்.